முதல் எட்டுப் பேர்

நான் எழுத்துவேலை பார்த்து ஓய்ந்த குத்தகைக் கம்பெனியிலிருந்து போன மாதம் ஒரு காகிதம் வந்தது. அங்கே இப்போது ஒவ்வொரு வேலையாளுக்கும் அச்சடித்த தாள் ஒன்று வைத்து, அவனவன் செய்த வேலையை தினமும் எண்ணிக் குறித்து, மாதக் கடைசியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தப் போகிறார்களாம். "இந்த முறையை முதலில் எழுதி நடத்தியவர் நீங்கள்தான் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்கள். எப்படி நடத்தினீர்கள் என்று விவரமாக எழுதித் தந்தால் புதிய எழுத்துக்காரர்களுக்கு உபயோகப்படும்" என்று இப்போதைய ஸ்டோர் குமாஸ்தா மரியாதையாகக் கேட்டிருந்தார்.

எழுதுகிறேன். உபயோகப்படுமா என்று தெரியாது. கம்பெனியின் பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. அதை நடத்திய குடும்பத்தார் இன்னும் இருக்கிறார்கள்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாறசாலை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் கிளாஸ். தமிழும் மலையாளமும் ஒரே வேகத்தில் எழுதுவேன். அப்பா காலமான வருஷம், வீட்டில் அம்மாவும் கல்யாணமாகாத இரண்டு தங்கைகளும் இருக்க, பாதிரியார் எழுதிக் கொடுத்த ஒரு துண்டுக் காகிதத்தோடு கம்பெனியில் போய் நின்றேன். என்னை மஸ்டர் எழுத உட்காரவைத்தார்கள். யார் வந்தான், யார் வரவில்லை, எத்தனை கல் போயிற்று. அவ்வளவுதான். அன்றிலிருந்து எனக்குப் பெயர் 'றைட்டர்'. சத்தியதாஸ் என்று கூப்பிட வீட்டில் மட்டும் ஆள் இருந்தது.

ஐரோப்பாவில் பெரிய யுத்தம் முடிந்திருந்த சமயம். உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் ராஜபாதையின் குறுக்கே ஓடும் தோட்டுக்கு, அதாவது சிற்றோடைக்கு, ஒரு கல்பாலம் கட்டும் வேலையைக் கம்பெனி எடுத்திருந்தது. மேலே பாவுவதற்கு ஆறடி நீளம், ஒன்றரையடி அகலம், அரையடி கனத்தில் கற்பாளங்கள் வேண்டும். கல் உடைத்தது ஒற்றசேகரமங்கலத்துக்கு மேற்கே ஒரு பாறையில். அங்கிருந்து வண்டிப்பாதை வரைக்கும் அரை மைல் தூரம் மாடு இறங்காது. சரிவு, ஒரு வயல்வரம்பு, ஒரு தோடு, மறுபடி ஏற்றம். அந்த அரை மைலுக்கும் மனிதத் தோள்தான்.

சுமக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லின் இருபக்கமும் நீளவாட்டில் இரண்டு அயினிக் கம்புகள். கல்லை வடத்தால் கட்டி இரண்டு கம்புக்கும் நடுவே தொங்கவிடுவார்கள். ஒவ்வொரு கம்பிலும் முன்னால் இரண்டுபேர், பின்னால் இரண்டுபேர். ஆக எட்டுப்பேர். முன்னால் போகிறவனுக்குப் பாதை தெரியும். பின்னால் வருகிற நாலுபேருக்குத் தெரியாது, கல் மறைக்கும். காலை எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல்தான் அரை மைலும் நடக்க வேண்டும். அதனால் முன்னால் இருக்கிற ஒருவன் தரையை விளித்துக்கொண்டே போவான்.

அந்த இடத்தில் சுமட்டுக்காரர்கள் இருபத்துநாலு பேர். மூன்று கூட்டம். அவற்றில் செல்லையனின் கூட்டம்தான் பேர்பெற்றது. செல்லையனுக்கு அப்போது ஐம்பது வயதுக்குப் பக்கம். குள்ளமான மனிதர். இடது காலில் இரண்டு விரல் கிடையாது. இடப்பக்கக் கம்பில் முதல் ஆளாக அவர் நிற்பார்.

"கல்லுண்டு!" என்பார்.

"ஓ!" என்று ஏழுபேரும் சொல்வார்கள்.

"நனவுண்டு!"

"ஓ!"

"பைய எறக்கமாக்கும்!"

"ஓ!"

நனவு என்றால் ஈரம். பின்னால் வருகிறவன் 'ஓ' சொல்லாவிட்டால் செல்லையன் அடுத்த அடி வைக்க மாட்டார். கேட்டதா இல்லையா என்று அவருக்குத் தெரிய வேண்டும். நான் தோட்டின் அக்கரையில் குடைநிழலில் உட்கார்ந்து எழுதுவேன். அந்த விளியும் மறுவிளியும் சரிவில் இறங்கி வருவதைக் கேட்டாலே எந்த இடத்தில் வருகிறார்கள் என்று தலை நிமிராமல் சொல்ல முடியும். அரை மைலுக்கு இரண்டே தடவை கல்லை இறக்கி வைப்பார்கள். மற்றக் கூட்டங்கள் ஐந்தாறு தடவை வைக்கும்.

இவ்வளவு நன்றாகச் சொன்ன பிறகு மற்றதையும் சொல்ல வேண்டும். அந்த எட்டுப்பேரும் ஒரே தெருக்காரர்கள். அண்ணன், தம்பி, மைத்துனன், மருமகன். வெளியாள் அந்தக் கம்புக்குக் கீழே வர முடியாது. தாவீது என்று ஒருவன் இருந்தான். இருபத்தைந்து வயது. ஒற்றையாய் ஒரு கல்லைத் தலையில் ஏற்றினால் இருவர் சுமப்பதைச் சுமப்பான். அவன் வீட்டார் எங்கள் சபையில் சமீபத்தில் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரே கோயிலில்தான் ஜெபிப்போம். தாவீதின் வீட்டார் பின்வாசலை ஒட்டி உட்காருவார்கள். ஏன் என்று யாரும் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை. நான் முன்பக்கம் உட்காருகிறவன்.

ஒருநாள் தாவீது என்னிடம் வந்தான்.

"றைட்டரே, செல்லையன் மூப்பருக்க கூட்டத்துல எனக்கு ஒரு எடம் கேட்டுத் தரணும். எனக்க ஒடம்பை நோக்கும். நான் சும்மா இருந்து கூலி கேக்கேல்ல."

கேட்டேன். செல்லையன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பொக்கம் ஒக்காது றைட்டரே. அவன் பனை மாதிரி நிக்கியான். கம்பு சரியும்" என்றார்.

"உம்ம கூட்டத்தில் அப்பாவு என்கிற பையனும் உயரம்தானே?"

"அவன் எனக்க தங்கச்சிக்க மொவன். நான் அவனுக்கு அம்மாவன். அவனுக்க நடை எனக்குத் தெரியும்."

அதோடு பேச்சு முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஓவர்சியராகப் பொன்னம்பலம் பிள்ளை வந்தார். நெய்யாற்றின்கரைக்காரர். சைவர். நெற்றியில் திருநீறு, கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. கல்தூசு படும் என்று கைக்கடிகாரத்தை ஒரு சின்னத் தகர டப்பாவில் வைத்திருப்பார். மணி பார்க்க வேண்டுமானால் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். வேலையிடத்தில் உட்காரவே மாட்டார். கூலியாட்களை 'நீங்க' என்பார். நான் அதற்கு முன்பு ஓர் ஓவர்சியர் வாயில் அந்தச் சொல்லைக் கேட்டதில்லை. கோபம் வந்தால் குரல் தாழும். ரொம்பத் தாழ்ந்துவிட்டால் எங்களுக்குக் கைகால் ஓடாது. ஒரு ஆளைப் பற்றி நான் "நல்லவன், உழைப்பாளி" என்று சொல்ல ஆரம்பித்தால் பென்சிலை உயர்த்தி நிறுத்துவார்.

"றைட்டரே, ஆள் எப்படின்னு நான் கேட்கல்ல. எத்தனை நடை நடந்தார்னு கேட்டேன்."

அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சர்க்கார் எழுத்துவேலை. ஆனால் அவருடைய அண்ணன், பரீட்சையில் முதலாவதாக வந்தும், சிபார்சு இல்லாமல் வேலை கிடைக்காமல் வீட்டோடு இருந்துவிட்டார். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். சொல்லிவிட்டு, "சிபார்சு இல்லாதவனுக்கும் ஒரு இடம் கிடைக்கணும்னா, எண்ணித்தான் ஆகணும். வேற வழி எனக்குத் தெரியல்ல" என்றார். அந்த மனிதரை நான் மதித்தேன். இப்போதும் மதிக்கிறேன்.

தாவீதைப் பற்றி அவரிடம் சொன்னவன் நான்தான்.

பிள்ளை ஒரு முறை வகுத்தார். ஒரே எடையுள்ள கற்களைப் பொறுக்கி அடுக்கினோம். ஒவ்வொரு ஆளும் ஒற்றையாய் அந்தக் கல்லைத் தலையில் ஏற்றி, பாறையடியிலிருந்து சிவப்புத் துணி கட்டிய கம்பு வரைக்கும் கொண்டுபோய் வைத்துத் திரும்ப வேண்டும். காலையிலிருந்து கஞ்சிக்கு விடும்வரை எத்தனை நடை. வழியில் எத்தனை தடவை இறக்கி வைத்தான். இரண்டு கோளம், கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் முடிவுகட்டக் கூடாது என்று பன்னிரண்டு நாள் அப்படிச் செய்தோம். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் அந்த நாளைத் தள்ளி இன்னொரு நாள் கொடுத்தோம். இவ்வளவு நியாயமாக ஒரு காரியம் நடந்து நான் பார்த்ததில்லை. பன்னிரண்டாம் நாள் முடிவில் நான் வரிசையை அழகாகப் பிரதி எடுத்தேன். முதல் பெயர் தாவீது. அந்தப் பெயரை எழுதும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கவில்லை. முன்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாததைப் பேனாவால் செய்துவிட்டதாக நினைத்தேன்.

செல்லையன் சாயங்காலம் வந்து நின்றார்.

"எனக்க பேரு எங்க கெடக்குது, றைட்டரே?"

"இருபத்திமூணு."

அவர் சிரித்தார். கோபமான சிரிப்பு இல்லை. "இருவத்திநாலு யாரு?"

"காசம் பிடித்த முத்தையன்."

"அது சரி. நடையை எழுதினீரு, வைப்பை எழுதினீரு. நான் விளிக்கியதை எந்தக் கோளத்துல எழுதினீரு?"

"விளிக்குக் கோளம் இல்லை, மூப்பரே. ஒற்றையாய்ச் சுமக்கிறவன் யாரை விளிக்க?"

"அதாக்கும் நான் கேட்டது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

முதல் எட்டுப்பேர் ஒரு கூட்டம் என்று பிள்ளை பிரித்தார். பெரிய கற்பாளங்கள் அவர்களுக்கு. அடுத்த எட்டுப்பேருக்கு நடுத்தரக் கல். கடைசி எட்டுப்பேர், செல்லையனும் அதில், வண்டிப்பாதையோரம் சில்லுக்கல் அடுக்க. முதல் கூட்டத்தில் தாவீதைத் தவிர ஏழுபேர். அந்த ஏழில் ஐந்துபேர் செல்லையனின் பழைய ஆட்கள். அவர்களில் ஒருவன், செல்லையனின் தங்கை மகன் அப்பாவு, எட்டாவது ஆள். மயிரிழையில் உள்ளே வந்தவன்.

முதல் மாதம் கல் அதிகமாகப் போயிற்று. இதை நான் மறைக்கக் கூடாது. வேலையிடத்தில் முன்பு எந்த மாதமும் போகாத அளவு கல் போயிற்று. கம்பெனி மானேஜர் வந்து பிள்ளையின் கையைக் குலுக்கினார்.

ஆனால் தோட்டின் அக்கரையில் உட்கார்ந்திருந்த எனக்கு ஒன்று தெரிந்தது. சத்தம் வரவில்லை.

முதல் நாள் தாவீது முன்னால் நின்று விளித்தான். அவன்தான் முதலாவது, அதனால் செல்லையன் நிற்கும் இடம் அவனுக்கு. "கல்லுண்டு!" என்றான். பின்னால் இருந்து மறுவிளி வரவில்லை. மறுபடி உரக்க, "கல்லுண்டு!" அப்பாவு மட்டும் "ஓ" என்று மெதுவாகச் சொன்னதுபோல் இருந்தது. மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவன் சொல்லி அவர்கள் 'ஓ' போடுவதா? மூன்று நாள் தாவீது விளித்துப் பார்த்தான். நாலாம் நாள் நிறுத்திவிட்டான். அதற்குப் பிறகு எட்டுப்பேரும் வாயை மூடிக்கொண்டு, உடம்பின் பலத்தால் மட்டும் அந்தக் கல்லைக் கொண்டுபோனார்கள். அவ்வளவு பலம் இருந்தது அவர்களிடம். கஞ்சி குடிக்கும்போது ஏழுபேர் பலாமரத்தடியில் உட்காருவார்கள். தாவீது தோட்டில் காலை விட்டுக்கொண்டு தனியே உட்காருவான். அப்பாவு இரண்டொரு தடவை அவனிடம் போய் வெற்றிலை கொடுத்ததைப் பார்த்தேன். பார்த்தவர்கள் நான் மட்டும் இல்லை.

வழியில் கல்லை இறக்கும் வைப்புகள் கூடின. மூன்று, நாலு, ஏழு. நான் எழுதினேன். பிள்ளையிடம் ஒரு தடவை சொன்னேன்.

"அவங்க விளிக்க மாட்டேங்கிறாங்க, ஏமானே."

அவர் டப்பாவைத் திறந்து மணி பார்த்து மூடினார். "கல் போகுதா இல்லையா?"

"போகுது."

"இன்னும் ஒரு மாசக் கணக்கு வரட்டும். இப்ப மாத்தினா, பழைய ஆளுங்க முறைச்சா முறை மாறும்னு ஆகிப்போகும். தாவீதை நாம இறக்கினதா ஆகும்."

அவர் சொன்னது தப்பா? இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. இரண்டு நாள் வேலை நின்று மூன்றாம் நாள் வெயில் வந்தது. தோட்டுக்கு இறங்கும் இடத்தில் செம்மண்ணில் வெட்டிய படிகள். நான் அக்கரையில் வழக்கமான இடத்தில் இருந்தேன். எழுதிக்கொண்டிருக்கவில்லை. படி வழுக்குமே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டுப்பேரும் கல்லோடு கரைக்கு வந்தார்கள். தாவீது முதல் படியில் கால் வைத்தான். இரண்டாவது படி இல்லை. மழையில் கரைந்து போயிருந்தது. அவன் அப்படியே நின்றான்.

"நில்லு!" என்று கத்தினான். எனக்கு அக்கரைக்குக் கேட்டது. "நில்லுங்கோ!"

பின்னால் இருந்த மூன்றுபேர் நிற்கவில்லை. கேட்கவில்லையோ, கேட்டும் அவன் சொல்லி நிற்பதா என்று ஒரு நொடி நினைத்தார்களோ, தெரியாது. கல் முன்னால் தள்ளிற்று. தாவீதுக்குப் பக்கத்தில் வலக்கம்பில் இருந்தவன் தோளை உருவிக்கொண்டு குதித்தான். கல் சரிந்தது. பின்னால் மூன்றுபேரும் கம்பைப் போட்டுவிட்டு விலகினார்கள். அப்பாவு ஒருவன்தான் விடவில்லை. கம்பைத் தோளில் தாங்கியபடியே முழங்கால் மடங்கிச் சேற்றில் இறங்கினான். அந்தப் பாரத்தை ஒருவன் எத்தனை நேரம் தாங்குவான்? கம்பு அவன் தோளை உரித்துக்கொண்டு வழுக்கிப் போயிற்று. கல் தாவீதின் இடுப்புக்கு மேல் விழுந்தது.

கல்லைப் புரட்டிவிட்டுப் பார்த்தபோது தாவீதுக்கு நினைவு இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து நார்க்கட்டில் கொண்டுவந்தோம். வண்டிப்பாதை வரைக்கும் அவனைத் தூக்கிப் போக வேண்டும். அந்த ஆறுபேரும் தள்ளி நின்றார்கள். பயமோ, வெட்கமோ, வேறென்னவோ. அப்பாவு மட்டும் ரத்தம் வடியும் தோளைக் கட்டிலுக்குக் கீழே கொடுத்தான். அதற்குள் சத்தம் கேட்டுச் செல்லையன் அந்த விரலில்லாத காலோடு ஓடிவந்தார். கூட அவருடைய கூட்டத்தார் இரண்டுபேர். ஒன்றும் கேட்கவில்லை. முன்னால் போய் நின்றார். நாலுபேரும் கட்டிலைத் தூக்கினார்கள்.

"நனவுண்டு!" என்றார் செல்லையன்.

"ஓ!" என்றார்கள் மூன்றுபேரும்.

"எலே, பைய... கல்லுண்டு!"

"ஓ!"

கட்டிலில் கிடந்த தாவீதும் "ஓ" என்றான். நான் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். என் காதால் கேட்டேன். ஏற்றத்தில் இன்னொரு தடவை சொன்னான். வண்டியில் ஏற்றும்போது சொல்லவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் மறுநாள் காலையில் அவன் உயிர் போயிற்று.

அவன் அம்மா அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "இருவத்திநாலு பேருல எனக்க மொவனாக்கும் முதலாவது. றைட்டர் எழுதி வச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும், "சொல்லும், றைட்டரே" என்றாள். "ஆமாம்" என்றேன்.

நாலாம் நாள் மானேஜர் விசாரணைக்கு வந்தார். மேசைக்கு அந்தப்பக்கம் அவரும் பிள்ளையும். இந்தப்பக்கம் நான், புத்தகத்தோடு. ஏழுபேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முன்னால் இருந்தவர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள் என்றார்கள். பின்னால் இருந்த மூன்றுபேரும் ஒரே வார்த்தையாக, "அப்பாவு கம்பை விட்டுட்டான் ஏமானே" என்றார்கள். மூன்றுபேரும் அவனுக்கு அம்மான் முறை, மச்சான் முறை.

அப்பாவு தோர்த்துத் துண்டை விலக்கித் தோளைக் காட்டினான். "நான் விடேல்ல, ஏமானே. இது நோக்கும்."

"எல்லார் தோளும் அப்படித்தான் இருக்கு" என்றார் மானேஜர். என் பக்கம் திரும்பி, "இவன் எத்தனாவது?" என்று கேட்டார்.

"எட்டு."

"கூட்டத்துல கடைசி. வைப்பு அதிகம் யாருக்கு?"

அந்தப் பன்னிரண்டு நாள் பரீட்சைப் பக்கத்தைப் பார்த்துச் சொன்னேன். "இவருக்குத்தான்."

"பிறகென்ன?" என்றார். "றைட்டர் அப்ப எழுதிக்கிட்டுத்தானே இருந்தீர்?"

அது கேள்வி மாதிரி இல்லை. ஒரு வாசலைத் திறந்து காட்டிய மாதிரி இருந்தது. நடந்ததைச் சொன்னால், தாவீது "நில்லு" என்றதையும் சொல்ல வேண்டும். ஏன் யாரும் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த எட்டுப்பேரைச் சேர்த்து நிறுத்தியது எங்கள் புத்தகம் என்பதையும். வீட்டில் மூன்றுபேர் என் கையை நம்பி இருந்தார்கள். இதெல்லாம் இப்போது எழுதுகிறேன். அப்போது இவ்வளவு யோசித்தேனா என்று தெரியாது.

"ஆமாம். எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது கல் கீழே கிடந்தது" என்றேன்.

பிள்ளை என்னைப் பார்த்தார். மிகவும் தாழ்ந்த குரலில், "வேற ஒண்ணும் இல்லையா, றைட்டரே?" என்று கேட்டார்.

"இல்லை."

அப்பாவுவை அன்றே விலக்கினார்கள். அந்த வாரத்துக்குள் அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். கங்காணி ஒருவனோடு மலைத்தோட்டத்துக்குப் போனான் என்றார்கள். கப்பலேறினான் என்றும் சொன்னார்கள்.

பிள்ளை முறையைக் கைவிட்டார். யாரும் சொல்லவில்லை, அவரே கைவிட்டார். "எண்ணினதில் தப்பு எங்கேன்னு மூணு தடவை சரிபார்த்துட்டேன். தப்பு இல்ல. அதுதான் எனக்கு விளங்கல்ல" என்று என்னிடம் சொன்னார். பிறகு செல்லையனைக் கூப்பிட்டு, "உங்க பழைய கூட்டத்தை நீங்களே சேர்த்துக்கோங்க" என்றார்.

அவர் சேர்த்தார். அப்பாவு இல்லாத இடத்தில் அவன் தெருக்காரன் ஒருவனையே நிறுத்தினார். பழைய ஆட்கள் ஏழுபேர், பழைய இடம், பழைய கம்பு. எனக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தச் சத்தம் மறுபடி சரிவில் இறங்கி வரும், வந்துவிட்டால் பாதி ஆறிவிடும் என்று.

"கல்லுண்டு!" என்று செல்லையன் விளித்தார்.

"ஓ" என்றார்கள். ஒருவன் முன்னால், ஒருவன் பின்னால், ஒருவன் சொல்லவே இல்லை. இருபது அடிக்குள் கல்லை வைத்துவிட்டார்கள். மறுபடி தூக்கினார்கள். மறுபடி வைத்தார்கள். அவர்களில் நாலுபேர் விசாரணையில் ஒருவனையொருவன் காட்டிக்கொடுத்தவர்கள். பின்னால் இருக்கிறவன் விடுவானோ என்று முன்னால் இருக்கிறவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். செல்லையன் கம்பைவிட்டு வெளியே வந்து பாறையில் உட்கார்ந்தார்.

"வேண்டாம் ஏமானே. ஆளு செத்துப்போவும்" என்றார்.

கடைசியில் கற்பாளங்களை இரண்டாக உடைத்து, நடுவில் ஒரு தூண் கூடுதலாக எழுப்பிப் பாலத்தை முடித்தார்கள். அடுத்த பங்குனிக்குள் பிள்ளை கோட்டுகால் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது அந்த வரிசை எழுதிய தாள்களை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். என்ன செய்தார் என்று தெரியாது.

நான் செல்லையனிடம் உண்மையைச் சொன்னது அதற்கும் பிறகு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவரை மாமரத்தடிக்குக் கூப்பிட்டேன்.

"மூப்பரே, அப்பாவு கம்பை விடவில்லை. கடைசிவரைக்கும் பிடித்திருந்தவன் அவன்தான். நான் பார்த்தேன்."



"எப்பம் கண்டீரு?"

"அன்றைக்கே."

"அண்ணைக்கே" என்று அவர் திருப்பிச் சொன்னார். வேட்டி முனையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"அவனை வெலக்கின அண்ணு அந்திக்கு எனக்க வீட்டுக்கு வந்தான், றைட்டரே. 'அம்மாவா, நான் விடேல்ல'ண்ணு முற்றத்துல நிண்ணு சொன்னான். நான் கதவைத் தெறக்கேல்ல. மூணுபேரு சொன்னதை நான் அவ்வளவு நம்பேல்ல, கேட்டீரா? ஆளுவ பொய் சொல்லும். பின்ன உம்ம புத்தகமும் அவனைத்தான் சொல்லிச்சுண்ணு கேட்டேன். புத்தகம் என்னத்துக்குப் பொய் சொல்லப்போவுதுண்ணு நெனச்சுப்போட்டேன்."

அவர் மாமரத்து வேரில் உட்கார்ந்தார்.

"கட்டிலைத் தூக்கும்பம் அவன் தோளுலேருந்து ரெத்தம் ஒழுகிச்சு. எனக்க பின்னாலயாக்கும் வந்தான். தப்பு செய்தவன் ஆனதினாலதான் அப்பிடி வந்து நிண்ணாண்ணு பிறகு நெனச்சேன். அதையும் நெனச்சேன், றைட்டரே."

அதோடு அவர் எழுந்து வீட்டுக்கு நடந்தார். ஒரு வாரம் கழித்து என் வீட்டுக்கு வந்தார். அப்பாவுவுக்கு ஒரு காகிதம் எழுதித் தர வேண்டும் என்றார். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியுமா என்று கேட்டேன். தெரியாது, எழுதித் தாரும், தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோகிற கங்காணிமார்களிடம் கேட்டுக் கொடுத்தனுப்பலாம் என்றார். எழுதினேன். வீட்டுக்கு வா என்று. அம்மாவன் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று. நீ கல்லை விடவில்லை, பார்த்தவர்கள் உண்டு என்று. அவர் மடித்து மடியில் செருகிக்கொண்டு போனார்.

எந்தக் கங்காணிக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. மடித்த இடம் கிழிந்துபோனபோது, அடுத்த வருஷம் மறுபடி எழுதி வாங்கிப் போனார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து இன்னொரு தடவை. மூன்று தடவையும் அதே வார்த்தைகளைச் சொன்னார். நான் அதே வார்த்தைகளை எழுதினேன். முதல் இரண்டு தடவையும், 'பார்த்தவர்கள் உண்டு' என்று எழுதினேனே தவிர யார் பார்த்தது என்று எழுதவில்லை. மூன்றாவது தடவைதான் 'பார்த்தது நான்' என்று எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.

செல்லையனுக்கு வாசிக்கத் தெரியாது. பெயர் இருக்கிறதா என்று அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை. வாங்கி, ஈரம் காயும்வரை கையில் விரித்துப் பிடித்திருந்துவிட்டு, மடித்துக்கொண்டு போனார். நாலாவது காகிதம் கேட்டு அவர் வரவில்லை.